மலையைக் குடைந்து வந்த தண்ணீர்: தேக்கடி ஏரியின் கதை



ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் நம் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் நினைவு வந்துவிடும். சம்பளம் போட்ட வாரமென்றால் வேன் பிடித்துப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவோம். கையில் காசு குறைவென்றால் சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவே, அங்சி மலையடிவாரத்திலுள்ள உலு பெண்டுல் ஓடைக்குப் போவோம். கட்டுச்சோறு, புளிச்சாதம், கருவாட்டுப் பொரியல் என்று ஒரு பகல் முழுவதும் அங்கேயே கழிந்துவிடும். தண்ணீரைக் கண்டால் மனம் லேசாகிவிடுவது மனித இயல்பு. அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று நாம் பேசப் போவதும் ஒரு தண்ணீரைப் பற்றித்தான். நம் தோட்டங்களிலிருந்து மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய் வந்தவர்கள் அதன் ஓரமாகவே போயிருக்கிறார்கள். மதுரையில் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு, உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று வண்டி போகும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்பம் என்றால் நமக்கு மலாய்க்காரர் குடியிருக்கும் கிராமம். அங்கே அது திராட்சையும் நெல்லும் விளையும் ஓர் ஊரின் பெயர். "கம்பத்துக்குப் போகிறோம்" என்று வழிகாட்டி சொல்ல, நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் திகைத்துப் போனதாகக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அந்தக் கம்பத்தைத் தாண்டி மலையேறினால் குமுளி. குமுளியை ஒட்டியிருப்பது தேக்கடி. அங்கே ஒரு பெரிய ஏரி, ஏரியில் உல்லாசப் படகு, கரையில் யானைக் கூட்டம்.

படகில் போன பிள்ளைகள் திரும்பி வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஏரியின் நடுவிலே கறுத்துப்போன மரக்கட்டைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, தண்ணீருக்குள்ளே மரம் எப்படி வந்தது?

நல்ல கேள்விதான். மரம் தண்ணீருக்குள் வரவில்லை, தண்ணீர்தான் மரத்தைத் தேடி வந்தது. தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்த ஏரி அன்று. 1895-ஆம் ஆண்டு வரை அது அடர்ந்த காட்டுப் பள்ளத்தாக்கு. அந்த ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. காடு நின்றபடியே முழுகிப் போயிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மரங்களின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை இன்னும் நிற்கிறது. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அதன்மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்து வெயில் காய்கின்றன.

சரி, அத்தனை உயரத்தில், ஏறத்தாழ 2,900 அடி உயர மலைக்காட்டில், யாருக்காக அணை கட்டினார்கள்?

மேற்குத் தொடர்ச்சி மலையை நம் ஊர்க் கூரை வீட்டின் முகட்டைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு மேற்கே பெய்யும் மழை மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும். கிழக்கே பெய்வது கிழக்கே ஓடும். பருவக்காற்று மேற்குப் பக்கத்தில்தான் கொட்டித் தீர்க்கும். கிழக்கே மதுரை, இராமநாதபுரச் சீமைகள் மழை மறைவுப் பக்கம். அங்கே வைகை ஆற்றில் மணலைத்தான் பெரும்பாலும் பார்க்கலாம். மலையின் ஒரு பக்கத்தில் பெரியாறு பெருக்கெடுத்துக் கடலில் வீணே கலக்க, சில மைல் தொலைவில் மறுபக்கத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. பெரியாற்றைத் தடுத்து நிறுத்தி, மலையின் முகட்டைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டால் என்ன?

இந்த எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். செய்யலாம் என்றே அவர்கள் வந்து சொன்னார்கள். ஆனால் சமஸ்தானத்திடம் அவ்வளவு பணமில்லை. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் ஆய்ந்து, இது வெறும் கனவு என்று எழுதி ஒதுக்கிவிட்டார். 1850-இல் சிறிய அளவில் வேலை தொடங்கி, காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் ஓடிவிட்டதால் நின்று போயிற்று. இப்படியே போட்ட திட்டமும் கிடந்த காகிதமுமாக எழுபது, எண்பது ஆண்டுகள் கழிந்தன.

பிறகு வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அந்தப் பஞ்சத்தை நம் பாட்டிமார் அவர்களுடைய பாட்டிமாரிடம் கேட்டு நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிழைத்தவர்களில் பலர் கிடைத்த கப்பலில் ஏறி இலங்கைக்கும் பினாங்குக்கும் போனார்கள். பஞ்சம் ஓய்ந்த பிறகுதான் சென்னை அரசாங்கம் பழைய பெரியாற்றுத் திட்டத்தைத் தூசு தட்டி எடுத்தது. 1882-இல் அந்தப் பொறுப்பு மேஜர் ஜான் பென்னிகுயிக் என்ற இராணுவப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் மன்னருடைய நிலம். ஆகவே ஒப்பந்தம் வேண்டியிருந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் திவான் இராமையங்கார் ஒருபுறமும் சென்னை அரசின் சார்பாளர் மறுபுறமும் கையெழுத்திட்டனர். 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். காலம் 999 ஆண்டுகள்! நம் தோட்டத்து வீட்டுக்கு மாதா மாதம் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு, ஆயிரத்துக்கு ஒன்று குறைந்த ஆண்டுகள் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எழுதியவர்கள் யாரும் கெடு முடியும் நாளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

1887-இல் வேலை தொடங்கியது. சென்னைப் பயனியர் படையின் சிப்பாய்கள் வந்தார்கள். மரவேலைக்குக் கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். மண் சுமக்கவும் கல் உடைக்கவும் சமவெளியிலிருந்து கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அன்று சிமெண்டு பரவலாக இல்லை. சுண்ணாம்பும், செங்கல்லைச் சுட்டுப் பொடித்த சுருக்கியும் மணலும் கலந்த காரைதான். பொருளை அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டியிலும் கம்பிவடத்திலும் மலைமேல் ஏற்றி, பிறகு தண்ணீர் வழியாக அணைக்கட்டு இடத்துக்குக் கொண்டு போனார்கள். போட்ட அடித்தளத்தைப் பெரியாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடியும் போடுவார்கள், மறுபடியும் போகும். யானையும் புலியும் நடமாடும் காடு. எல்லாவற்றையும்விடக் கொடியது காய்ச்சல்.

இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் கதையும்கூட. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ரோஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில். அணை கட்டி முடிந்து இரண்டு ஆண்டு கழித்து! அணையிலே வேலை செய்தவர்களுக்கு எதனால் சாகிறோம் என்றே தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், மலைத் தண்ணீர் என்றார்கள். நோயால் மட்டும் 483 பேர் இறந்து, அணைக்குச் சற்று வடக்கேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்கள் என்பது கணக்கு. மலாயாவிலும் இதே நிலைதான். காட்டை வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் காய்ச்சல் லயம் லயமாக ஆட்களைக் கொண்டு போயிற்று. 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அந்த ஓடைகளை வெட்டிய கைகளும் பெரும்பாலும் நம்மவர் கைகள்தாம்.

நாட்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு இரயில் ஓடத் தொடங்கியது 1891-இல். பெரியாற்றில் அணை பாதி எழும்பி நின்ற காலம் அது. ஒரே சீமையில் ஒரே வறட்சிக்குத் தப்பியவர்களில் ஒருவர் மலையேறிப் பெரியாற்றில் கல் சுமந்திருக்கலாம். அவர் தம்பி கப்பலேறி நம் பக்கத்தில் காப்பித் தோட்டத்தில் மண் வெட்டியிருக்கலாம். யார் எங்கே போனார் என்று பெயர் எழுதி வைத்தவர் இல்லை.

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். நீளம் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. ஆனால் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அணையன்று, சுரங்கம். அணை பல மைல் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது. தேக்கப்பட்ட நீர் பின்னோக்கிப் பரவித் தேக்கடி வரை வருகிறது. அங்கிருந்து வெட்டு வாய்க்கால் வழியாகப் போய், மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கத்தில் நுழைந்து கிழக்கே விழுகிறது. பிறகு வைரவனாறு, சுருளியாறு என்று இறங்கி வைகையில் சேர்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு அதுவே பாசனமும் குடிநீரும்.

இதே வேலையை நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். பகாங் மாநிலத்து ஆற்று நீரைத் தித்திவங்சா மலைத்தொடரின் ஊடே 44.6 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து சிலாங்கூருக்குக் கொண்டு வந்தார்கள். சுரங்கம் 2014-இல் முடிந்தது. முகட்டின் ஒரு பக்கத்து நீரை மறுபக்கத்துக்குத் தருவதுதான் அங்கும் நடக்கிறது. ஆனால் அதைக் குடைய இராட்சத எந்திரங்கள் இருந்தன. பெரியாற்றில் வெடிமருந்தும் துளைக்கருவியும் கையும்தாம்.

இனி அந்த ஏரி உல்லாச இடமான கதைக்கு வருவோம். அணை கட்டியவர் எவரும் அதை நினைத்துக் கட்டவில்லை. ஆனால் கட்டிய விதமே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. சுரங்கத்தின் வாய், அணையின் அளவுகோலில் ஏறத்தாழ 104 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் நீர் கிழக்கே போக வழியில்லை. ஆகவே எவ்வளவு வறட்சி வந்தாலும் ஏரி வற்றிப் போவதில்லை. கோடையில் காட்டு ஓடைகளெல்லாம் காய்ந்த பிறகு, யானையும் காட்டெருமையும் மிளாவும் அங்கே வந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். விலங்கு வந்த இடத்துக்கு மனிதன் பின்னாலேயே வந்துவிட்டான்.

முதலில் வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்த துரைமாரும் அரசரின் விருந்தாளிகளும். பிறகு திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஏரியைச் சுற்றியுள்ள காட்டைக் காக்க எண்ணி, எஸ்.சி.எச். ராபின்சன் என்பவரை வனவிலங்குக் காப்பாளராக நியமித்தார். 1934-இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் ஏற்பட்டது. ஏரியின் நடுவே மேடான இடத்தில், எடப்பாளையத்தில், மகாராஜாவுக்குக் கோடை மாளிகை ஒன்றும் இருந்தது. அது பின்னாளில் விடுதியாயிற்று. சரணாலயம் 1950-இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாக விரிவடைந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. மன்னர் மட்டும் படகிலேறிப் பார்த்த காட்சியைச் சீட்டு வாங்கிய எவரும் பார்க்கலாம் என்றாயிற்று. நாம் வரவேற்க வேண்டிய மாற்றந்தான்.

ஆனால் அந்தக் காட்டில் தொன்றுதொட்டு வாழ்ந்த மன்னான், பளியர் முதலிய பழங்குடி மக்கள், காட்டுக்குள்ளிருந்து குமுளிப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். அரண்மனையும் விடுதியும் உள்ளே இருக்க, காட்டுக்குச் சொந்தக்காரர் வெளியே வந்தார் என்பது சற்று உறுத்தத்தான் செய்கிறது. அவர்களில் சிலர் ஏரியில் வலை போட்டு மீன் பிடிக்கிறார்கள், சிலர் வழிகாட்டிகள். 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை ஒரு நல்ல காரியம் செய்தது. காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்துப் பிழைத்தவர்களை அழைத்துக் குழுவாக அமைத்து, காவல் வேலையும் பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையும் கொடுத்தது. காட்டின் ஒற்றையடிப்பாதையை அவர்களைவிட அறிந்தவர் யார்? இன்று மூங்கில் தெப்பத்தில் பயணிகளை ஏற்றித் துடுப்புப் போடுகிறவர்களில் அவர்களும் உண்டு.

இங்கே ஒரு விநோதத்தையும் கவனிக்கலாம். படகில் வருகிறவருக்கு ஏரி குறைந்திருந்தால் மகிழ்ச்சி, கரை விரிந்து யானை நன்றாகத் தெரியும். கம்பத்து விவசாயிக்கோ ஏரி நிறைந்திருந்தால்தான் மகிழ்ச்சி. ஒரே நீரைப் பார்த்து இருவர் இரண்டு விதமாக வேண்டிக்கொள்கிறார்கள்.

அணைக்குக் கீழே கேரளத்தில் குடியிருப்பவர்கள் மூன்றாவது விதமாக வேண்டிக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய அணை தாங்குமா என்பது அவர்கள் அச்சம். 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது, அணை பலப்படுத்தப்பட்டது. 152 அடி வரை தேக்கக் கட்டிய அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2006-இலும், மீண்டும் 2014 மே 7-ஆம் நாளும் தீர்ப்பளித்தது. 1970-இல் குத்தகையைத் திருத்தியபோது வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. தேக்கடியில் சுற்றுலா வண்டிகளுக்கென்று கேரளம் அமைக்க முனைந்த நிறுத்துமிடம்கூடக் குத்தகை நிலத்தில் வருகிறதென்று உச்சநீதிமன்றம் வரை வழக்காயிற்று. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், கேரளத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். தூரத்திலிருக்கும் நாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு கோபப்படுவது எளிது. அணைக்குக் கீழே பிள்ளை குட்டிகளோடு படுத்து உறங்குகிறவர் நிலையிலும் ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நியாயம்.

அந்த ஏரியில் நடந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் விடலாகாது. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரட்டைத் தட்டுப் படகு ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். படகு புதியது. கரையில் விலங்குகள் தெரிந்ததும் பலர் எழுந்து ஒரு பக்கமாகப் போனார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. படகின் அமைப்பிலே குறையிருந்தது என்றும் பேசப்பட்டது. உயிர்காக்கும் சட்டை அணிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர்.

படகு ஏன் அப்படிக் கவிழ்கிறது? சைக்கிளின் பின்னால் பால் வாளி கட்டிக்கொண்டு வருகிறவருக்கு இது சொல்லாமலே தெரியும். பாரம் தாழ இருந்தால் சைக்கிள் சொன்னபடி கேட்கும். அதே பாரத்தை உயரத் தூக்கிக் கட்டினால் சிறிது சாய்ந்தாலும் ஆளையே இழுத்துப் போட்டுவிடும். படகில் மேல்தட்டில் நிற்கும் ஆட்கள் உயரக் கட்டிய பாரம். அவர்கள் உட்கார்ந்திருக்கும் வரை சரி. ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கம் நகர்ந்தால் பாரம் உயர்ந்தும் விடுகிறது, ஓரமாகவும் போய்விடுகிறது. அந்த விபத்துக்குப் பிறகு தேக்கடியில் படகேறுகிறவர் எல்லாருக்கும் உயிர்காக்கும் சட்டை கட்டாயமாயிற்று. வெயிலில் அது புழுக்கமாகத்தான் இருக்கும். பெண்கள் புடவைக்கு மேல் போடக் கூசுவார்கள், பிள்ளைகள் அவிழ்த்துப் போடப் பார்ப்பார்கள். தாய்மார்கள் பிள்ளையின் சட்டையில் வார் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு யானையைப் பார்க்கட்டும். தேக்கடி என்றில்லை, கேமரன் மலையில் ரிங்லட் ஏரியானாலும் நம் பக்கத்து எந்த நீரானாலும் இது பொருந்தும். அணை கட்டித் தேக்கிய ஏரி கரையோரத்திலேயே ஆழம் கொள்ளும். ஒரு காலத்தில் அது மலைச்சரிவுதானே! குளத்தில் இறங்குவது போல இறங்கக்கூடாது.

பென்னிகுயிக்கைத் தேனி மாவட்டத்து மக்கள் இன்றும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கல் நாட்களோடு வருவதால், அவர் பெயரால் பொங்கலும் வைக்கிறார்கள். பணம் தீர்ந்தபோது இங்கிலாந்திலிருந்த சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதை வாய்மொழியாக வழங்குகிறது. அரசாங்கப் பணத்தில்தான் அணை முடிந்தது என்று ஆவணம் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கதை எப்படியானாலும், அவர் விடாப்பிடியாக நின்றது மெய். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

குமுளியிலிருந்து வண்டி கீழே இறங்கும்போது அந்த லோயர் கேம்ப் வரும். மலைச்சரிவில் மேலிருந்து கீழாக இராட்சதக் குழாய்கள் இறங்குவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். சற்று முன்பு நம்மைச் சுமந்த ஏரி நீர்தான் அதற்குள் வருகிறது. 1950-களின் இறுதியிலிருந்து அது அங்கே மின்சாரமும் கொடுத்துவிட்டுப் போகிறது. அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் முதல் நாளில் கம்பம் பள்ளத்தாக்கின் முதற்போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். மலை இறங்கியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் வருவது அந்த வயல்தான்.